வயோமிங்: வரலாறு, காட்டுயிர், சின்னங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக்கி மலைத்தொடர் இறங்கிப் புல்வெளியாக விரியும் இடத்தில் இருக்கிறது அமெரிக்காவின் வயோமிங் மாநிலம். யெல்லோஸ்டோன் பூங்காவைத் தெரிந்தவர்கள்கூட அது எந்த மாநிலத்தில் இருக்கிறது என்று கேட்டால் சற்று யோசிப்பார்கள். மாநிலக் கொடி, மாநில விலங்கு, மாநிலப் பூ என்று பட்டியல் போட்டுப் படித்தால் பொது அறிவுத் தேர்வுக்குப் படிப்பது போலத்தான் இருக்கும். ஆனால் ஏன் இந்த விலங்கு, யார் எழுதிய வாசகம் என்று கேட்கத் தொடங்கினால் அந்தப் பட்டியலே ஒரு வரலாறாக விரிகிறது. அப்படி வரும் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

வயோமிங் எங்கே இருக்கிறது? எவ்வளவு பெரியது?

வடக்கே மொன்டானா, கிழக்கே தெற்கு டகோட்டாவும் நெப்ராஸ்காவும், தெற்கே கொலராடோவும் யூட்டாவும், மேற்கே ஐடஹோ. பரப்பளவு சுமார் 2,53,000 சதுர கிலோமீட்டர். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 5,76,851. ஐம்பது மாநிலங்களில் மிகக் குறைவான மக்கள் வாழ்வது இங்கேதான். தலைநகர் ஷையன்.

வரைபடத்தில் அளவுகோல் வைத்து வரைந்த கட்டம் போலத் தெரியும். உண்மையில் அப்படித்தான் வரைந்தார்கள். எல்லைகள் ஆற்றையோ மலையையோ பார்த்துப் போடப்படவில்லை, அட்ச ரேகை, தீர்க்க ரேகைக் கணக்கில் போடப்பட்டவை. அந்தக் கட்டத்துக்குள் கண்டத்தின் நீர்ப்பிரிமேடு குறுக்காக ஓடுகிறது. ஒரு பக்கம் விழும் மழை பசிபிக் கடலுக்குப் போகும், மறுபக்கம் விழுவது அட்லாண்டிக் பக்கம் போகும்.

'வயோமிங்' என்ற பெயர் எந்த மொழி?

இந்த ஊர்ப் பழங்குடியினர் எவருடைய மொழியும் இல்லை. கிழக்கே பென்சில்வேனியாவில் உள்ள ஒரு பள்ளத்தாக்கின் பெயர் அது. லெனாப்பே மக்களின் சொல், பெரிய ஆற்றுச் சமவெளி என்ற பொருளில் வருவது. வாஷிங்டனில் உட்கார்ந்து புதுப் பிரதேசத்துக்குப் பெயர் தேடியவர்கள் அதை எடுத்து இங்கே ஒட்டிவிட்டார்கள். இந்த மண்ணில் ஷொஷோனி, அரப்பஹோ, குரோ, லகோட்டா, ஷையன் என்று இத்தனை மக்கள் இருக்கும்போது அவர்களுடைய சொல் ஒன்றுகூட மாநிலப் பெயராகவில்லை என்பது எனக்கு இன்றும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

பெண்களுக்கு முதலில் வாக்குரிமை கொடுத்தது வயோமிங்தானா?

ஆம், ஆனால் 'முதல்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனமாகப் பயன்படுத்த வேண்டும்.

1869 டிசம்பர் 10 அன்று, வயோமிங் இன்னும் மாநிலமாகாமல் பிரதேசமாக இருந்தபோது, ஆளுநர் ஜான் கேம்பெல் அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார். 21 வயது நிறைந்த பெண்கள் வாக்களிக்கலாம், பதவியும் வகிக்கலாம். சொத்து இருக்க வேண்டும், கணவனை இழந்தவராக இருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் கிடையாது. அதற்கு முன்பே நியூ ஜெர்சியில் சொத்துள்ள பெண்கள் 1807 வரை வாக்களித்தார்கள், பிறகு அந்த உரிமை பறிக்கப்பட்டது. வயோமிங் சட்டம் வந்து இரண்டு மாதத்தில் பக்கத்துப் பிரதேசமான யூட்டாவும் அதே உரிமையைக் கொடுத்தது. அங்கே தேர்தல் 1870 பிப்ரவரியிலேயே வந்துவிட்டதால், புதிய சட்டத்தின்படி முதலில் ஓட்டுப் போட்டவர்கள் யூட்டா பெண்கள்தான். வயோமிங்கில் 1870 செப்டம்பர் 6 அன்று லாரமி நகரில் லூயிசா ஸ்வெய்ன் என்ற 69 வயது மூதாட்டி காலையிலேயே போய் வாக்களித்தார். அதே ஆண்டு சவுத் பாஸ் சிட்டி என்ற தங்கச் சுரங்க ஊரில் எஸ்தர் ஹோபார்ட் மாரிஸ் அமைதி நீதிபதியாக, அதாவது சிறு வழக்குகளை விசாரிக்கும் உள்ளூர் நீதிபதியாக நியமிக்கப்பட்டார். லாரமியில் பெண்கள் ஜூரிகளாக உட்கார்ந்ததும் அந்த ஆண்டுதான்.

அந்தக் காலத்திலேயே இவ்வளவு முற்போக்கா? என்ன காரணம்?

ஒரே காரணம் இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்த வில்லியம் பிரைட்டுக்கு உண்மையான நம்பிக்கை இருந்தது, அதில் அவர் மனைவிக்குப் பங்கு உண்டு என்று சொல்வார்கள். ஆண்கள் பல மடங்கு அதிகமாக இருந்த பிரதேசத்துக்குப் பெண்கள் குடிவர வேண்டும், வெளியூர்ப் பத்திரிகைகள் வயோமிங்கைப் பற்றி எழுத வேண்டும் என்ற கணக்கும் இருந்தது. சட்டமன்றம் முழுக்க ஜனநாயகக் கட்சி, ஆளுநர் குடியரசுக் கட்சி. அவர் ரத்து செய்வார், கெட்ட பெயர் அவருக்கு என்று நினைத்தவர்களும் உண்டு. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்துகொண்டிருந்த காலம் அது. அவர்களுக்குக் கொடுக்கும்போது வெள்ளைப் பெண்களுக்கு ஏன் கொடுக்கக் கூடாது என்ற இனவெறி வாதமும் அந்த விவாதத்தில் இருந்தது.

1871-ல் இந்தச் சட்டத்தை நீக்கப் பார்த்தார்கள். கேம்பெல் மறுத்துவிட்டார். அவருடைய மறுப்பைத் தாண்டிச் சட்டத்தை நீக்கும் முயற்சி ஒரே ஒரு வாக்கில் தோற்றது. எனக்கு 1869-ஐ விட இந்த 1871-தான் முக்கியமாகப் படுகிறது. ஏதோ ஒரு கணக்கில் கொடுத்துவிட்ட உரிமையை, இரண்டு ஆண்டு பார்த்த பிறகு, ஒரு மனிதர் தெரிந்தே காப்பாற்றினார்.

1890 ஜூலை 10 அன்று 44-ஆவது மாநிலமாகச் சேர்ந்தபோதும் அந்த உரிமையை விடாமல்தான் சேர்ந்தார்கள். 1925 ஜனவரியில் நெல்லி டேலோ ராஸ் ஆளுநராகப் பதவியேற்றார், அமெரிக்காவிலேயே முதல் பெண் ஆளுநர். ஆளுநராக இருந்த கணவர் இறந்துபோக, இடைத்தேர்தலில் நின்று வென்றவர். 1926-ல் தோற்றார். பிறகு 1933 முதல் 1953 வரை நாட்டின் நாணயச் சாலைக்கே இயக்குநராக இருந்தார்.

மாநில வாசகம் 'சம உரிமை' என்கிறார்களே, அது எல்லோருக்கும் கிடைத்ததா?

இல்லை. பழங்குடிப் பெண்களுக்கு 1924 வரை அமெரிக்கக் குடியுரிமையே பொதுவாக இல்லை. சீனாவில் பிறந்தவர்கள் 1943 வரை குடியுரிமை பெற முடியாது. ஆக, 1869 சட்டம் யாருக்குக் கதவைத் திறந்தது என்று பார்க்கும்போது யார் வெளியே நின்றார்கள் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது ராக் ஸ்பிரிங்ஸ். யூனியன் பசிபிக் ரயில்வேயின் நிலக்கரிச் சுரங்கங்கள் இருந்த ஊர். வெள்ளைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நிர்வாகம் சீனத் தொழிலாளர்களை இறக்கியது. கோபம் நிர்வாகத்தின் மீது போகாமல் சீனர்கள் மீது திரும்பியது. 1885 செப்டம்பர் 2 அன்று ஒரு கும்பல் சீனர் குடியிருப்பைச் சூழ்ந்து தீ வைத்தது. குறைந்தது 28 பேர் கொல்லப்பட்டார்கள். ஓடிப்போனவர்கள் புதர்க்காட்டில் சிதறினார்கள். ராணுவக் காவலோடு ரயிலில் ஏற்றி மீண்டும் அதே ஊருக்கு, அதே சுரங்க வேலைக்கு அவர்களைக் கொண்டுவந்து இறக்கினார்கள். கொலைக்காக ஒருவர்மீதும் வழக்கு நடக்கவில்லை.

இரண்டாவது ஹார்ட் மவுன்டன். கோடி, பவல் என்ற இரண்டு ஊர்களுக்கு இடையில், மலையைப் பார்த்த வறண்ட வெளி. 1942 ஆகஸ்டில் அங்கே தார்த்தாள் போட்ட கொட்டகைகளுக்குள் மேற்குக் கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். உச்சத்தில் 10,767 பேர். அன்றைய வயோமிங்கில் அது மூன்றாவது பெரிய 'நகரம்'. முள்வேலிக்குள் இருந்தவர்களுக்கே ராணுவத்தில் சேரும்படி ஆணை வந்தது. எங்கள் குடும்பத்தை முதலில் வெளியே விடுங்கள், பிறகு வருகிறோம் என்று மறுத்த 63 பேரை 1944-ல் ஷையன் நீதிமன்றத்தில் ஒரே வழக்கில் விசாரித்து மூன்றாண்டு சிறை விதித்தார்கள். 1947-ல் அதிபர் ட்ரூமன் பொதுமன்னிப்பு கொடுத்தார். இன்று அந்த இடத்தில் ஒரு நினைவு அருங்காட்சியகம் இருக்கிறது.

அந்த முகாமில் சிறுவனாக இருந்த நார்மன் மினெட்டாவும், அதைப் பார்க்க வந்த கோடி ஊர்ச் சாரணர் குழுவிலிருந்த ஆலன் சிம்சனும் ஒரே கூடாரத்தில் நண்பர்களானார்கள். பிற்காலத்தில் ஒருவர் நாடாளுமன்றப் பிரதிநிதி, மற்றவர் வயோமிங்கின் செனட்டர். 1988-ல் முகாமில் அடைக்கப்பட்டவர்களிடம் நாடு மன்னிப்புக் கேட்டு இழப்பீடு தரும் சட்டம் வந்தபோது இருவரும் அதற்காக உழைத்தார்கள்.

கௌபாய் மாநிலம் என்கிறார்கள். மாட்டுப் பண்ணைகளின் கதை என்ன?

1880-களில் வேலியில்லாத அரசு நிலத்தில் பெரும் பண்ணையார்கள் ஆயிரக்கணக்கில் மாடுகளை மேய விட்டார்கள். 1886-87 குளிர்காலம் அந்தத் தொழிலின் முதுகெலும்பை முறித்தது. பனியில் மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. எஞ்சிய மேய்ச்சலுக்குச் சிறு விவசாயிகளோடு போட்டி வந்தது. மாடு திருடர்கள் என்று பட்டம் கட்டி அவர்களைத் தீர்த்துக்கட்ட, 1892 ஏப்ரலில் பெரும் பண்ணையார்கள் டெக்சஸிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து ஜான்சன் கவுன்டிக்குள் நுழைந்தார்கள். நேட் சாம்பியன் என்பவரை அவருடைய குடிசையில் வளைத்துச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி பரவியதும் ஊர் மக்கள் திரண்டு வந்து தாக்க வந்தவர்களையே ஒரு பண்ணையில் முற்றுகையிட்டுவிட்டார்கள். கடைசியில் குதிரைப்படை வந்து காப்பாற்றியது கூலிப்படையைத்தான். ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. கார் நம்பர் பலகையில் துள்ளும் குதிரையையும் அதன்மேல் இருக்கும் வீரனையும் பார்க்கும்போது இந்தப் பின்னணியும் நினைவில் இருந்தால் நல்லது. அந்தப் படம் 1936-லிருந்து வயோமிங் வண்டிகளில் இருக்கிறது.

மற்ற மாநிலச் சின்னங்கள் என்னென்ன?

பறவை மேற்கத்திய மெடோலார்க், மஞ்சள் மார்பில் கறுப்பு வளைவு போட்டது, வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து பாடும். மரம் சமவெளிக் காட்டன்வுட். ரத்தினக்கல் ஜேட். டைனோசர் டிரைசெராடாப்ஸ். ஊர்வன கொம்புப் பல்லி. புதைபடிவம் நைட்டியா என்ற சிறு மீன், கெமரர் பக்கத்துப் பாறைகளைப் பிளந்தால் சுமார் ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய ஏரியில் செத்த மீன்கள் முள்ளும் செதிலுமாக அப்படியே கிடைக்கும்.

பூவைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். இந்தியன் பெயின்ட்பிரஷ், 1917-ல் மாநிலப் பூவானது. செந்நிறச் சாயத்தில் தூரிகையை முக்கி எடுத்தது போல இருக்கும். சிவப்பாகத் தெரிவது பெரும்பாலும் இதழ் அல்ல, பூவைச் சுற்றியுள்ள இலைகள். செடி பாதி ஒட்டுண்ணி. தானும் உணவு தயாரிக்கும், வேரை அனுப்பிப் பக்கத்துப் புல், சேஜ் புதர் ஆகியவற்றின் வேரிலிருந்தும் உறிஞ்சும். தனியே பிடுங்கித் தொட்டியில் வைத்தால் பிழைப்பது அரிது. அதைப் பார்க்க வேண்டுமானால் அது இருக்கும் மலைச்சரிவுக்குத்தான் போக வேண்டும்.

மீன், கட்த்ரோட் ட்ரௌட். தாடைக்குக் கீழே சிவப்புக் கீற்று இருப்பதால் அந்தப் பெயர். பசிபிக் பக்கத்து ஆறுகளின் மீன் இது. நீர்ப்பிரிமேட்டைத் தாண்டி யெல்லோஸ்டோன் ஏரிக்கு எப்படி வந்தது? டூ ஓஷன் பாஸ் என்ற கணவாயில் ஓர் ஓடை இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை ஒரு கடலுக்கும் இன்னொன்று மறு கடலுக்கும் போகிறது. மீன்கள் அந்த வழியாக மலையின் முதுகைக் கடந்துவிட்டன. எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை. ஆனால் 1994-ல் அதே ஏரியில் யாரோ கொண்டுவந்து விட்ட லேக் ட்ரௌட் கண்டுபிடிக்கப்பட்டது. அது கட்த்ரோட்டைத் தின்றது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளில் ஏறும்போது பிடித்துத் தின்ற கரடிகளுக்கும் கழுகுகளுக்கும் உணவு குறைந்தது. லேக் ட்ரௌட் ஆழத்திலேயே இருந்துவிடும், கரடிக்கு எட்டாது. இன்றும் ஆண்டுதோறும் வலை போட்டு லேக் ட்ரௌட்டை அகற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

உலகில் அழிந்துவிட்டது என்று நினைத்த ஒரு விலங்கு வயோமிங்கில் திரும்பக் கிடைத்ததாமே?

கருங்கால் ஃபெரெட். கீரி போல நீண்ட உடம்பு, கண்ணைச் சுற்றிக் கறுப்பு முகமூடி, கறுப்புக் கால். பிரெய்ரி நாய் என்று அழைக்கப்படும் ஒரு தரை அணில்தான் இதற்கு உணவு, அந்த அணிலின் வளைதான் வீடு. மாட்டுக்கு வேண்டிய புல்லை அணில் தின்கிறது என்று பண்ணைக்காரர்களும் அரசும் பல பத்தாண்டுகள் விஷம் வைத்தார்கள். அணில் குறைந்தது, பிளேக் நோய் வேறு பரவியது, ஃபெரெட் காணாமல் போனது. 1979 வாக்கில் இனமே முடிந்தது என்று எண்ணினார்கள்.

1981 செப்டம்பரில், மீட்டீட்சி என்ற சின்ன ஊருக்கு அருகே ஒரு பண்ணை வீட்டில், ஷெப் என்ற நாய் இரவில் எதையோ கடித்துக் கொன்று வீட்டு வாசலில் போட்டது. வீட்டுக்காரர்களுக்கு அது என்ன என்று புரியவில்லை. விலங்குகளைப் பாடம் செய்பவரிடம் எடுத்துப் போனார்கள். அவர் பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டார். தேடிப் போனபோது நூற்றுக்கும் மேற்பட்ட ஃபெரெட்டுகள் அங்கே உயிரோடு இருந்தன.

ஆனால் 1985-ல் பிளேக்கும் நாய்களுக்கு வரும் டிஸ்டம்பர் நோயும் அந்தக் கூட்டத்தைத் தாக்கின. எஞ்சியவற்றைப் பிடித்துக் காப்பதா, காட்டிலேயே விடுவதா என்று கடுமையான வாக்குவாதம் நடந்தது. 1987-க்குள் கடைசி 18-ஐயும் பிடித்துவிட்டார்கள். அவற்றில் ஏழின் வம்சம்தான் இன்று உலகில் உள்ள ஏறக்குறைய எல்லா ஃபெரெட்டும். 1991-ல் வயோமிங்கின் ஷெர்லி பேசினில் முதன்முதலாகக் காட்டில் விட்டார்கள். 2016-ல் மீட்டீட்சிக்கே திரும்பக் கொண்டுவந்தார்கள். ஏழே முன்னோர் என்றால் மரபணு வளம் குறைவு. அதற்காக, 1980-களில் உறைய வைத்திருந்த வில்லா என்ற பெண் ஃபெரெட்டின் செல்லிலிருந்து 2020 டிசம்பரில் குளோனிங் முறையில் எலிசபெத் ஆன் என்ற குட்டியை உருவாக்கினார்கள். அதே வழியில் பிறந்த இன்னொன்றான அன்டோனியா 2024-ல் குட்டி ஈன்றது. காட்டில் இன்னும் சில நூறுதான் இருக்கின்றன. அணிலுக்கு விஷம் வைப்பதை விட்டால்தான் மேலே போக முடியும்.

பிராங்ஹார்ன் மான் ஏன் அவ்வளவு வேகமாக ஓடுகிறது?

முதலில், அது மானே அல்ல. ஆன்டிலோப் என்று ஊரார் அழைத்தாலும் அதுவும் அல்ல. தனக்கென்று ஒரு தனிக் குடும்பத்தில் மிஞ்சி நிற்கும் ஒரே இனம். உயிரோடுள்ள விலங்குகளில் ஒட்டகச்சிவிங்கிதான் நெருங்கிய உறவு. மணிக்கு 90 கிலோமீட்டர் வரை ஓடும். இன்றைய வயோமிங்கில் அதைத் துரத்தும் எந்த விலங்காலும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. பனியுகம் முடியும்வரை இந்தக் கண்டத்தில் சிவிங்கிப்புலி (சீட்டா) போன்ற ஒரு வேட்டை விலங்கு இருந்தது, அதனிடமிருந்து தப்பப் பழகிய கால்கள் இவை என்பது ஆய்வாளர்கள் பலருடைய கருத்து.

இவ்வளவு வேகம் உள்ளது ஒரு சாதாரணக் கம்பி வேலியிடம் தோற்கிறது. பிராங்ஹார்ன் பொதுவாகத் தாண்டாது, குனிந்து அடியில் நுழையத்தான் பார்க்கும். அடிக்கம்பி தாழ்வாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும். கிராண்ட் டீட்டன் பூங்காவில் கோடையைக் கழிக்கும் ஒரு கூட்டம், பனி வரும் முன் தெற்கே கிரீன் ஆற்றுப் படுகைக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடக்கிறது. பைன்டேல் அருகே டிராப்பர்ஸ் பாயின்ட் என்ற குறுகலான இடத்தில் சுமார் 6,000 ஆண்டுக்கு முன்பே மனிதர்கள் அவற்றுக்காகக் காத்திருந்து வேட்டையாடிய தடயம் கிடைத்திருக்கிறது. 2008-ல் அந்த வழியின் காட்டுப் பகுதியை அரசு பாதுகாத்தது. 2012-ல் நெடுஞ்சாலைக்கு மேலே மண்ணும் புல்லும் போட்ட பாலங்கள் கட்டினார்கள். இன்று பிராங்ஹார்ன்கள் லாரிகளுக்கு மேலே நடந்து போகின்றன. எல்லாம் சரியாகிவிடவில்லை. 2022-23 குளிர்காலத்தில் கடும் பனியிலும் நோயிலும் அங்கே ஆயிரக்கணக்கில் செத்தன.

ஓநாய்களைத் திரும்பக் கொண்டுவந்ததால் யெல்லோஸ்டோன் முழுதும் மாறிவிட்டதா?

1926-ல் பூங்காவின் கடைசி ஓநாய்களைப் பூங்கா ஊழியர்களே கொன்றார்கள். 1995-லும் 1996-லும் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். எல்க் மான்கள் குறைந்தன, சில இடங்களில் வில்லோ, ஆஸ்பென் மரங்கள் உயர்ந்தன, உண்மைதான். ஆனால் ஓநாய் வந்து ஆற்றின் போக்கையே மாற்றியது என்று பரவும் கதையை அறிவியலாளர்கள் பலர் ஏற்பதில்லை. பூமா, கரடி, வேட்டை, வறட்சி எல்லாம் அந்த மாற்றத்தில் சேர்ந்தே இருக்கின்றன. பூங்காவுக்கு வெளியே நிலைமை வேறு. வயோமிங்கின் ஏறக்குறைய 85 சதவீதப் பரப்பில் ஓநாயை உரிமம் இல்லாமல், எந்தப் பருவத்திலும் கொல்லலாம்.

யெல்லோஸ்டோன் எரிமலை வெடிக்குமா?

கடைசிப் பெருவெடிப்பு சுமார் 6,40,000 ஆண்டுக்கு முன். நம் காலத்தில் நடப்பதற்கான வாய்ப்பு மிக மிகக் குறைவு. அந்த வெப்பத்தில் பொங்கும் 10,000-க்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகளையும் சேற்றுக் குழிகளையும் பற்றிப் பேசுவது பயனுள்ளது. 1872 மார்ச் 1 அன்று இதை உலகின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கக் காரணம் அவைதான்.

1966-ல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் அங்கே ஒரு சுடுநீர் ஊற்றில் தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற பாக்டீரியாவை எடுத்தார். கொதிநிலையை நெருங்கும் சூட்டிலும் கெடாத அதன் நொதிதான் பின்னாளில் பி.சி.ஆர். சோதனையை எளிதாக்கியது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த சோதனைக்கு வேர் இந்த ஊற்றில் இருக்கிறது. அந்த நொதி ஈட்டிய பெருவருவாயில் பூங்காவுக்குப் பங்கு எதுவும் வரவில்லை.

டெவில்ஸ் டவர் என்பது என்ன? ஏன் அந்தப் பெயர்?

வடகிழக்கு மூலையில், அடியிலிருந்து 264 மீட்டர் உயரத்துக்குத் தனியே நிற்கும் பாறைத் தூண். பூமிக்கடியில் குளிர்ந்து இறுகிய எரிமலைக் குழம்பு, சுற்றியிருந்த மண் அரிக்கப்பட்டு வெளியே வந்திருக்கிறது. 1906-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்த முதல் தேசிய நினைவுச்சின்னம்.

பெயர் 1875-ல் வந்த ராணுவப் பயணக் குழுவின் தவறான மொழிபெயர்ப்பு. லகோட்டா மக்களுக்கு அது மாட்டோ டிபிலா, கரடியின் இருப்பிடம். கியோவா மக்கள் சொல்லும் கதையில், ஏழு சிறுமிகளைக் கரடிகள் துரத்துகின்றன. அவர்கள் ஒரு சிறு பாறைமேல் ஏறி, எங்களைக் காப்பாற்று என்று அந்தப் பாறையிடமே வேண்ட, பாறை வளர்ந்துகொண்டே போகிறது. கரடிகள் பிறாண்டிய தடம்தான் அந்த நெடுங்கோடுகள். சிறுமிகள் வானத்தில் நட்சத்திரங்களானார்கள், நாம் கார்த்திகை என்று சொல்லும் அதே கூட்டம். ஜூன் மாதத்தில் பழங்குடியினர் அங்கே சடங்கு செய்வதால், அந்த மாதம் பாறை ஏறுபவர்கள் தாமாகவே ஏறாமல் இருக்கும்படி 1995 முதல் பூங்காத் துறை கேட்டுக்கொள்கிறது. சட்டம் இல்லை, வேண்டுகோள்தான். பெரும்பாலோர் மதிக்கிறார்கள்.

கொம்பு முளைத்த முயல் உண்மையா?

ஜாக்கலோப் என்பது 1930-களில் டக்ளஸ் ஊரில் விலங்குகளைப் பாடம் செய்யும் சகோதரர்கள் முயல் தலையில் மான்கொம்பை ஒட்டிச் செய்தது. ஆனால் முயலுக்குக் கொம்பு போன்ற கட்டிகளை உண்டாக்கும் ஒரு வைரஸ் உண்மையாகவே உண்டு. 1933-ல் ரிச்சர்ட் ஷோப் அதைக் கண்டறிந்தார். வைரஸ் புற்றுநோயை உண்டாக்கலாம் என்ற புரிதலுக்கு அந்த ஆய்வு வழிவகுத்தது.

மக்கள் எதை நம்பி வாழ்கிறார்கள்?

நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, டிரோனா என்ற சோடா உப்புக் கனிமம், சுற்றுலா, மாடு வளர்ப்பு. 1986 முதல் அமெரிக்காவில் அதிகம் நிலக்கரி வெட்டும் மாநிலம் இதுதான், நாட்டின் மொத்தத்தில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுக்கு. மாநில வருமான வரி கிடையாது. நிலக்கரித் தேவை குறையும் ஒவ்வோர் ஆண்டும் பள்ளிக்கூடச் செலவுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழுகிறது.

கொடியில் இருக்கும் காட்டெருமையை நேரில் எங்கே பார்க்கலாம்?

கொடியை வரைந்தவர் வெர்னா கீஸ் என்ற இளம்பெண், 1916-ல் ஒரு போட்டிக்காக. 1917-ல் அதிகாரப்பூர்வமானது. நீல வயல், வெள்ளை, சிவப்புக் கரைகள், நடுவில் வெள்ளை நிறத்தில் பைசன் என்னும் காட்டெருமை. அதன் விலாவில், மாட்டுக்குச் சூடு போடுவது போல, மாநில முத்திரை. முத்திரைக்குள் ஒரு பெண், 'சம உரிமை' என்ற வாசகம், இரு பக்கமும் ஒரு மேய்ப்பனும் ஒரு சுரங்கத் தொழிலாளியும், 1869, 1890 என்ற ஆண்டுகள். கீஸ் வரைந்தபோது காட்டெருமை கம்பத்துக்கு எதிர்ப்பக்கம், திறந்த வெளியைப் பார்த்து நின்றது. கிரேஸ் ஹெபார்ட் என்ற பேராசிரியர் சொல்லி அதைக் கம்பத்தின் பக்கம் திருப்பினார்கள்.

கீஸ் அதை வரைந்த காலத்தில் காட்டெருமை ஏறக்குறைய முடிந்துபோயிருந்தது. கோடிக்கணக்கில் இருந்தவற்றைத் தோலுக்காகவும், பழங்குடியினரின் உணவை அழிப்பதற்காகவும் சுட்டுத் தள்ளி, 1880-களின் கடைசியில் சில நூறு ஆக்கிவிட்டார்கள். 1902-ல் யெல்லோஸ்டோனில் சுமார் இரண்டு டஜன் மிஞ்சின. இன்று அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. லமார் பள்ளத்தாக்கு, ஹேடன் பள்ளத்தாக்கு இரண்டிலும் விடியற்காலையில் போனால் கண்டிப்பாகப் பார்க்கலாம். குறைந்தது 23 மீட்டர் தள்ளி நில்லுங்கள். கரடி, ஓநாய் என்றால் 91 மீட்டர். காட்டெருமை சாதுவாகத்தான் நிற்கும், மனிதனைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஓடும்.

இன்னோர் இடமும் உண்டு, வின்ட் ரிவர் ரிசர்வேஷன். 1868 ஒப்பந்தத்தில் வாஷக்கி என்ற தலைவரின் கீழ் இருந்த கிழக்கு ஷொஷோனி மக்களுக்கென ஒதுக்கிய நிலம். 1878-ல் அவர்களைக் கேட்காமல், பகையாளிகளாக இருந்த வடக்கு அரப்பஹோ மக்களையும் அரசு அங்கேயே கொண்டுவந்து குடியேற்றியது. இதற்காக ஷொஷோனிகளுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1938-ல்தான் சொன்னது. இரு மக்களும் இன்றும் அந்த நிலத்தைப் பகிர்ந்து வாழ்கிறார்கள். காட்டெருமை அங்கே 1885 வாக்கில் இல்லாமல் போயிருந்தது. 131 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 நவம்பரில், ஷொஷோனிகள் 10 இளம் காட்டெருமைகளை லாரியில் கொண்டுவந்து திறந்துவிட்டார்கள். 2019-ல் அரப்பஹோக்களும் தங்கள் மந்தையைத் தொடங்கினார்கள். வின்ட் ரிவரில் முதல் கன்று பிறந்தது 2017 மே மாதம்.